ஷேடோ, ப்ளீஸ்

விடியுமுன் ராஸ் அல் கைமாவில்
ஏழாவது கிரீனின் மேல் பனி உட்கார்ந்திருக்கும்.
கடலோரப் பனி, நாக்கில் பட்டால் கரிக்கும்.
நீளக் கம்பால் அதை விசிறித் தட்டுவேன்,
ஈரம் தங்கினால் பூஞ்சை ஏறும்.
மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டிய புல்,
மழித்த மறுநாள் கன்னம் மாதிரி
ஒரு திசைக்கு வழுக்கும்,
மறுதிசைக்குச் சொரசொரக்கும்.

பிறகு முட்டியிட்டுப் பள்ளங்களைத் தேடுவேன்.
இரவு விளக்கொளியில் ஆடியவர்கள்
விட்டுப்போனவை.
உயரப் பறந்து வந்த பந்து
விழுந்த இடத்தில் ஒரு கட்டைவிரல் குழிவு.
உடனே சரிசெய்தால் ஒன்றிரண்டு நாளில் ஆறும்.
இரவு தாண்டினால் இரண்டு வாரம்,
அதுவரை அம்மைத்தழும்பாக நிற்கும்.

எல்லோரும் செய்யும் தப்பு,
கவைமுள்ளை அடியில் குத்தி மேலே நெம்புவது.
மேடு சரியாகிவிடும், வேர் அறுந்துவிடும்.
ஓரத்தில் குத்தி நடுவை நோக்கிச் சாய்க்க வேண்டும்,
காயத்தின் உதடுகளைச் சேர்ப்பது போல்,
சுற்றிலும்.
அப்புறம் உள்ளங்கையால் ஒரு தட்டு.

ஆட வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு:
உன் பள்ளத்தை மூடு,
பக்கத்தில் இன்னொன்றையும் மூடு.
அந்த இன்னொன்று யாருடையது என்று கேட்கக் கூடாது.
திருமதி லிண்ட்க்விஸ்ட் மட்டும் நாலைந்து மூடுவார்.
ஆட்டம் படுமோசம்.
அவர் தோற்கும் நாட்களில்
எனக்குத்தான் வருத்தமாக இருக்கும்.

அன்று மாலை ஐந்தே கால்.
மனிதர்களை விட அவர்கள் நிழல்
நாலு மடங்கு நீண்டிருந்தது.
பங்கர் மணலில் காலடிகளைச் சீவியபடி
கிரீனின் விளிம்பில் நின்றிருந்தேன்.
வங்கி அதிகாரி ரங்கபாஷ்யம் குந்தி உட்கார்ந்து
கோடு பார்த்தார்.
பந்துக்கும் குழிக்கும் நடுவே
அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கோடு.
அதை யாரும் மிதிக்க மாட்டார்கள்,
கோடீஸ்வரனும் சுற்றித்தான் போவான்.
நிமிராமலே சொன்னார்:
"ஷேடோ, ப்ளீஸ்."

என் பிடரிக்கு அந்தச் சொல் தெரியும்.
இங்கிலீஷில் வந்தாலும் தெரியும்.
யார் நிழல் யார் சுவரில் விழலாம் என்று
எழுதாமலே அமலில் இருந்த சட்டத்தை
என் அப்பா வெயிலில் நின்று படித்தவர்.
மணல்வாரியை இறுகப் பிடித்தேன்.
நகரவில்லை.

"ஸாரி, ஸாரி" என்று இரண்டடி பின்வாங்கினார்
பக்கத்தில் நின்ற ஹுமைத்,
ரங்கபாஷ்யத்தின் வங்கிக்கே தலைவர்.
அவர் தொப்பியின் நிழல்தான்
கோட்டின் மேல் கிடந்திருக்கிறது.
என்னுடையது அதுவரை எட்டவே இல்லை,
பங்கருக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது.

ஆனாலும்
நானும் ஓரடி நகர்ந்தேன்.
ஏனென்று இன்னும் தெரியவில்லை.

பந்து குழியின் விளிம்பைத் தடவிவிட்டு விலகியது.
யாரும் சிரிக்கவில்லை, அதுவும் விதி.
கொடியை மெதுவாகத் திரும்ப நட்டார்கள்.
ரங்கபாஷ்யம் தன் பள்ளத்தை மூட மறந்துபோனார்.

இரவு, அறையில் இதைச் சொன்னேன்.
"இங்க விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் போல."
வெங்காயம் அரிந்துகொண்டிருந்த இன்பதுரை
கத்தியை நிறுத்தவில்லை.
"விதி ஒண்ணு. பஸ்ஸு ரெண்டு."

இப்போது ஜூன். மணி பன்னிரண்டே கால்.
இன்னும் பதினைந்து நிமிடத்தில் மதிய ஓய்வு.
மைதானத்தில் ஓர் ஆளில்லை.
சூரியன் நடு உச்சியில் நிற்க,
என் நிழல் பூட்ஸுக்கு அடியில் போய்விட்டது.
எவருடைய கோட்டின் மேலும்
நான் நிற்கலாம் இந்த நேரம்.

நின்று பார்த்தேன்.
வெறும் புல்.

குழிக்கு இரண்டு முழம் தள்ளி
காலையில் கண்ணுக்குத் தப்பிய ஒரு பள்ளம்.
யாருடையதோ.
கவைமுள்ளை எடுத்து
ஓரத்தில் குத்துகிறேன்.