எத்தனை அடி

பக்கவாதம் போகும்போது
இஷ்பெலின் எண்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது.
ஆறு என்று சொல்ல வாய் திறந்தால்
'வியாழன்' வருகிறது. ஒருமுறை 'வெண்ணெய்.'

ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடலோரம்.
பந்து எங்கே போவதென்று காற்றுதான் முடிவுசெய்கிறது.
புல் வெட்டுவது செம்மறிகள்.

மர்டோவுக்கு இதயத்தில் மூன்று ஸ்டென்ட்.
மேட்டில் ஏறியதும் கடலைப் பார்க்கிற சாக்கில்
மூச்சு வாங்குகிறார்.
அவளும் கடலைப் பார்க்கிறாள்.
இதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

அடிக்கு ஒரு கிளிஞ்சலாய்
வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றுகிறாள்.
இதே ஐந்தாம் குழிக்கு
முன்பு இருநூறு கஜம் பறக்கும் அவள் பந்து.
இன்று அறுபது.
மிச்சத்துக்குக் கால் இருக்கிறது.

விளிம்பில் கொஞ்சம் யோசித்து
விழுகிறது பந்து.

"எத்தனை அடி?"
பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொள்கிறார்.
பையைக் கவிழ்க்கிறாள்:
பதினொரு கிளிஞ்சல், மணல்,
ஒரு மாத்திரை.

"காலையில் போட்டிருக்க வேண்டியதா?"

"வெண்ணெய்," என்கிறாள், தெளிவாக.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறார்.
அவள் விழுங்கும்வரை காத்திருந்து
அட்டையில் எழுதுகிறார்:
பன்னிரண்டு.

அடுத்த குழி வரைக்கும் சண்டை,
ஓர் எண்கூட இல்லாமல்.