அடிக்கணக்கு

லோன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன்.
திருச்செங்கோடு, வேலூர் ரோடு,
இரண்டாம் மாடி, ஏசிக் குளிர்.
எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் ஓவியம்.
மரமில்லை, மலையில்லை, ஆளில்லை,
பட்டை பட்டையாக வண்ணம் மட்டும்.

"லேண்ட்ஸ்கேப்ங்ண்ணா, அப்ஸ்ட்ராக்ட்" என்கிறாள்
முன்மேசைக் கோகிலவாணி.
மேலே சிவப்பு அந்தி வானமாம்.
நடுச் சாம்பல் தூரத்து மலையாம்.
அடியில் ஓடும் நீலக்கோடு காவிரியாம்.

இருக்கலாம்.
பத்தொன்பது வருசம் ரிக் வண்டியில் நின்றவனுக்கு
படத்தைப் படுக்கையாகப் பார்க்க வராது.
மேலிருந்து ராடு ராடாக இறங்கத்தான் தெரியும்.

சிவப்பு, செம்மண். பன்னிரண்டடி.
அதன்கீழ் வழுக்கும் மஞ்சள் சுக்கான் கல்.
இங்கேயே கேசிங் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சரியும்.
கறுப்பைக் கத்தியால் தீற்றிய இடம் கடும்பாறை.
அங்கே வரைந்த கையும் நடுங்கியிருக்கிறது,
பிட்டு தேயும்போது வண்டி நடுங்குமே, அதாட்ட.
பிறகு சாம்பலுக்குள் கொஞ்சம் ரோஸ்.
அது வந்துவிட்டால்
தோட்டத்துக்காரர் முகத்தைத் தைரியமாகப் பார்க்கலாம்.

ஆனால் இந்த நீலம்?
தண்ணி நீலமாக வராது, கோகிலவாணி.
முதலில் புழுதி புகையாமல் படியும்.
அப்புறம் கூழ். ஒரு செருமல்.
அப்புறந்தான் பீச்சும், அதுவும் சேற்று நிறத்தில்.
எந்தத் துளையிலும் நான் நீலத்தைக் கண்டதில்லை.
வரைந்தவர் நம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.
நம்பியதைச் சட்டம் வரைக்கும் இழுக்காமல்
நாலு விரல் முன்னாலேயே நிறுத்தியும் இருக்கிறார்.
ஊற்று பக்கத்துக் காட்டுக்கு எட்டாது என்று
அவருக்கு யார் சொன்னது?

கீழ்மூலையில் வண்ணமே தொடாத துணி.
அந்த ஓர் இடத்துக்கு மட்டும்
எனக்கு ஊர்பேர் தெரியும்.
மூலனூர் தாண்டி, பொங்கியண்ணன் காடு.
விடிய விடிய ஐம்பத்தைந்து ராடு, ஆயிரத்து நூறடி.
வந்ததெல்லாம் மாவு.
சாளை ஓடு, சோளத்தட்டு, எருமையின் இமைமயிர்,
விளக்குப் பிடித்து நின்ற அவர் மீசை
எல்லாம் ஒரே வெள்ளை.
"இன்னும் ரெண்டு ராடு போட்டுப் பாருங்" என்றார்.
போட்டோம்.
அந்த இரண்டுக்கும் காசு வாங்கினேன்.

டோக்கன் நாற்பத்தொன்றைக் கூப்பிடுகிறார்கள். என்னுடையது.
போகிற வழியில் கிட்டே நின்று பார்க்கிறேன்:
வெள்ளையின் ஓரத்தில் ஒரு விரல்ரேகை.
வரைந்தவருடையதோ, ஆணியடித்து மாட்டியவருடையதோ,
ஈரம் இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்தது மாதிரி.