எதையாவது அழிக்கவும்

ஆரப்பாளையத்தில் ஏறி உட்கார்ந்ததும்
போன் சொல்கிறது:
இடம் இல்லை, எதையாவது அழிக்கவும்.
கண்டக்டரும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்:
"எடமில்ல, செக்கானூரணி ஏறாத."

உசிலம்பட்டிக்கு ஒரு மணி நேரம்.
அழிக்கத் தொடங்குகிறேன்.

முதலில் கரண்ட் மீட்டர்.
கணக்கெடுக்க வந்தவர் தப்பாய் எழுதிவிட்டாரென்று
சோலைராஜ் எடுத்துவைத்த சாட்சி.
மீட்டர் கண்ணாடியில் அவர் பனியன், ஒரு தோள்,
பின்னால் மாடிப்படியில் நான்,
கையில் தோசைக்கரண்டி,
யாரையோ திட்டிக்கொண்டு.
யாரையென்று நினைவில்லை.
அழி.

மாட்டுத்தாவணி, டூவீலர் ஸ்டாண்டு,
தூண் எண் பதினாலு.
வண்டி விட்ட இடம் மறக்காதிருக்க எடுத்தது.
கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்பி
படத்தைப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சேர்ந்தால்
அங்கே யாருடையதோ ஒரு சிவப்பு வண்டி.
எதிர் வரிசையிலும் ஒரு பதினாலு உண்டு என்பது
அப்போது தெரியாது.
இருபது நிமிடம் தேடினோம், ஒருவரையொருவர் குறை சொல்லியபடி.
தோளில் தூங்கிய நிலவன்
கண்ணைத் திறக்காமலே சொன்னான்,
"டீக்கடப் பக்கம்."
அழி.

புளி பாக்கெட். "இதுவா?"
வேறொரு புளி பாக்கெட். "அப்ப இதுவா?"
மூன்றாவது படத்தில் புளியே இல்லை,
கடைக்காரர் மட்டும்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
இது கிடக்கட்டும்.

நாகமலை தாண்டுகிறது.
பக்கத்துச் சீட்டு அம்மா மடியில் ஒரு மிக்சி ஜார்,
பெரிய பிள்ளையைப் போலக் கால் நீட்டாத குறை.
பிளேடு தனியே
முந்தானை முடிச்சில்.

ரயில் பாலத்திலிருந்து வைகை.
தண்ணீர் வந்த நாள், பெட்டியே எழுந்து நின்று பார்த்தது.
படத்தில் ஜன்னல் கம்பி மட்டும் துல்லியம்,
துரு ஏறிய இடங்களை எண்ணலாம்.
ஆறு எங்கோ பின்னால் கலங்கலாய்.
அழி.

நிலவன் எடுத்தவை நாற்பத்தொன்று.
ஃபேன். ஃபேன். என் முழங்கை. ஃபேன்.
அடுப்பில் பால், பொங்குவதற்கு ஒரு நொடி முன்.
பால், பொங்கியபின்.
ஓடிவரும் என் கால்.
கூப்பிட்டிருக்கலாமேடா என்றதற்கு
"ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு" என்றான்.

டாக்டர் சீட்டு.
மாமாவுக்கு எழுதியது, எழுத்து புரியாமல்
மருந்துக்கடைத் தம்பிக்கு அனுப்பியது.
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.
மாத்திரை தீரவில்லை, அவர் போய்விட்டார்.
காகிதத்தின் ஓரத்தில்
அதைப் பிடித்திருக்கும் விரல்.
ஓட்டுப் போட்ட மை
நகத்தோடு வளர்ந்து
பாதி மேலேறியிருக்கிறது.
மாமா படம் வீட்டில் நிறைய உண்டு,
மாலை போட்டது, போடாதது.
அந்த விரலுக்கு
இது ஒன்றுதான்.

போன் மறுபடி கேட்கிறது, நிச்சயமாகவா?
பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்கிறேன்.
வெளியே ஒருவர்
ஆட்டுக்குட்டியை முன்னால் உட்காரவைத்து
ஸ்கூட்டரில் போகிறார்.
அது பேருந்தையே முறைக்கிறது.
எடுக்கலாமென்று கையைத் தூக்குவதற்குள்
புளியமரங்கள்.

"யம்மா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."
மிக்சிக்கார அம்மா ஜாரைக் கவிழ்த்துக் காட்டுகிறார்.
அடியில் எறும்பு எழுத்தில் ஒரு நம்பர்.
அது தெரியாவிட்டால் கடைக்காரன் வேறு பிளேடைத் தலையில் கட்டிவிடுவானாம்.
எனக்கும் தெரியவில்லை. ஒரு படம் எடுத்து
இரண்டு விரலால் விரிக்கிறேன்.
நம்பரின் மேல் அவருடைய வளையலின் நிழல்.
இன்னொன்று. பேருந்து குலுங்கி அதுவும் போச்சு.
மூன்றாவதில்
ஏழா ஒன்றா என்று
இரண்டு தலையும் முட்டக் குனிந்திருக்கிறோம்.

விசில் சத்தம். வண்டி நகர்கிறது.
"உசிலம்பட்டி கேட்டது யாருப்பா,
எறங்கியாச்சா?"