பெயரில் மட்டும் மேடு

ஸ்டான்லியில் இரவுப் பணி முடித்து வந்த பெள்ளி
கோத்தகிரிக்காரி,
மலை ஏறணும் என்றாள்.
தண்டையார்பேட்டையில் பிறந்தவள் நான்
மலைக்கு எங்கே போவேன்?

பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்காவுக்குக்
கூட்டிப்போனேன்.
ஹைதர் குதிரைக்குப் பயந்து
கம்பெனிக்காரன் எழுப்பிய மதிலின் மிச்சம்.
உச்சியில் சீட்டாடும் நாலு பேர், ஒரு பூனை.
கடல் தெரியவில்லை
கிரேன்களின் கழுத்து தெரிந்தது.
"மூச்சே வாங்கலையே" என்றாள்.

ராயபுரம் ஸ்டேஷன் தூண்களைத் தாண்டி
காசிமேட்டுக்கு நடந்தோம்.
பெயரில்தான் மேடு,
தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது.
ஏலம் முடிந்து வஞ்சிரச் செதில்
தரையெல்லாம் மினுங்கியது.

அலைக்குப் போட்ட கருங்கல் குவியலில்
செருப்பைக் கழற்றி ஏறினாள்
தேயிலைச் சரிவில் ஏறுகிற கால்
எங்கே வைக்கணும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.
நான் தவழ்ந்து போனேன்.

ஒரு கல்லில் நீளமாய்த் துளை.
விரலை விட்டுப் பார்த்து
"வெடி வெச்ச ஓட்டை" என்றாள்.
உள்ளிருந்து நண்டு எட்டிப் பார்த்தது.
தெற்கே ஏதோ குன்று
லாரி லாரியாய்
எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே
வந்து படுத்திருக்கிறது.
இத்தனை வருஷம் இதன்மேல்
துணி உலர்த்தியிருக்கிறேன்.

எதுவும் சொல்லாமல் அந்தக் கல்லிலேயே சாய்ந்தவள்
சாரல் முகத்தில் தெறித்தும் எழவில்லை.
எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள்.
தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல் ஒன்று
திரும்பவா வேண்டாமா என்று நிற்கிறது.
அவள் செருப்பிரண்டும் என் மடியில்.
வெயில் ஏறட்டும்
எழுப்பலாம்.