சாட்சி வட்டு

பன்னிரண்டு அடிக்கப்போகிறது.
கொன்செப்சியோன் ரத்த வங்கியின் நிலவறையில் நான்.
பியோபியோ ஆற்றுக்கு அந்தக் கரையில்
இன்னொரு நிலவறையில் எலியேசர்.
ஸ்பீக்கரில் அவன் ஆப்பிள் கடிக்கிற சத்தம்.

சர்வரை வகுக்கிறேன்.
இந்த ஊர் மர்ராக்கேத்தா ரொட்டியில்
சுடும் முன்பே பிளவு அழுத்தியிருப்பார்கள்,
கையால் இழுத்தால் போதும்.
அப்படித்தான் இதுவும்.
எட்டுச் செயலியில் இரண்டு ரத்தப் பதிவேட்டுக்கு,
நினைவகத்தில் பாதி,
மிச்சம் சம்பளக் கணக்குக்கும் பில்லுக்கும்.
ஒரே இரும்புக்குள் மூன்று ஒண்டுக்குடித்தனம்.
ஒருத்தர் வீட்டு அடுப்பு அடுத்தவருக்குத் தெரியாது.

'இணையையும் அதே பெட்டியில் வைக்கலாமே,
இடம் இருக்கிறதே' என்று எழுதியிருந்தார் நிர்வாகி.
ஐயா, படகு கவிழ்ந்தால்
எந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தோம் என்றா கேட்கும் தண்ணீர்?
பதில் அனுப்பவில்லை.
இணையை ஆறு தாண்டி வைத்தேன்.

பிறகு சில்லறை வேலைகள்.
இரு பக்கக் கடிகாரமும் நான்கு நொடி பிசகு.
இங்கே 204 ஆக இருக்கிற பயனர் அங்கே 310.
பெயர்ப் பட்டியலில் ஒரு புள்ளி கூடுதல்,
அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம்.
பொது வட்டை இரண்டும் தொட வேண்டும்,
முதலில் தொட்டது பூட்டிக்கொள்ளும் பழக்கத்தை அணைக்க மறந்திருந்தேன்.
எலியேசர் பக்கம் கேட்டபோது
பேருந்து நிலையக் கழிவறை மாதிரி
'ஆள் இருக்கிறது' என்றது.

எல்லாம் சரியானதும்
நொடிக்கொரு தரம்
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.

'இப்போது பிடுங்கு' என்றேன்.
பிடுங்கினான்.

இது நினைத்தது: அது செத்துவிட்டது.
அது நினைத்தது: இது செத்துவிட்டது.
இரண்டும் எழுந்து பதிவேட்டில் எழுதின.
ஓ நெகட்டிவ், பை எண் 2217,
ஒரே நிமிடத்தில் இரண்டு பேருக்கு.
சோதனை நகல்தான். இருந்தாலும்
ஓர் உறையில் இரண்டு கத்தி.
ஆப்பிள் சத்தம் நின்றுவிட்டது.

ஒரு புதன்கிழமை ஞாபகம் வந்தது.
நிலம் குலுங்கி, தொலைபேசி செத்து,
துறைமுகத்தில் நிபால்தோ நினைத்தான்:
யாஸ்னா பிள்ளையைக் கூட்டி வந்திருப்பாள்.
இதே நிலவறையில் நான் நினைத்தேன்:
அவன் போயிருப்பான்.
ரயேன் ஏழு மணி வரை பள்ளிப் படியில்
இரண்டு ஷூ நாடாவையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.
அன்று யாரும் போகவில்லை,
இன்று இரண்டு பேரும் போய்விட்டார்கள்.
பிழை நேர்மாறு. வேர் ஒன்றுதான்:
பதில் வராததை
நாமே பதிலாக எழுதிக்கொள்வது.

அதன்பின் நாங்கள் பேசிவைத்தது,
பள்ளி முனையில் ஓர்தென்சியாவின் ரொட்டிக் கடை.
குலுங்கினால் இருவரும் ஓட வேண்டியது கடைக்குத்தான்.
முதலில் வருபவர் கதவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப்
பிள்ளையிடம் போவார்.
கோட்டைப் பார்த்தவர் வீடு திரும்பி
எரிவாயுவை மூடுவார்.
ஓர்தென்சியா ஒன்றும் செய்ய வேண்டாம்.
கதவு இருந்தால் போதும்.

மூன்றாவதாக ஒரு வட்டு கேட்டு வாங்கினேன்.
பல்கலைக்கழகக் குன்றின் மேல், ஒரே ஒரு கிகாபைட்.
ரத்தமில்லை அதில், பெயரில்லை, பணமில்லை,
ஒரு கோடு போட இடம்.
'இதற்கு என்ன பெயர் வைக்க?' என்றான் எலியேசர்.
தட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தான்.
'யார் இது?'
'ரொட்டி விற்கிறவள்.'

மறுபடி பிடுங்கச் சொன்னேன்.
பதினொரு நொடி.
என் பக்கம் கோட்டைப் போட்டது.
அவன் பக்கம் வந்து பார்த்தது,
தன்னைத் தானே அணைத்துக்கொண்டது.
2217 ஒருவருக்கு மட்டும்.

'செத்துவிட்டேனா?' என்றான்.
'இல்லை, வழி விட்டாய்.'
கொஞ்ச நேரம் கழித்து ஆப்பிள் மறுபடி கேட்டது.

இன்னும் கடவுச்சொல் காலாவதியை நீக்கவில்லை.
தொண்ணூறாம் நாள் அது எங்களைக் கவிழ்க்கும்.
எழுதி வைத்துக்கொள், எலியேசர்.
காகிதத்தில்.