நல்ல கையெழுத்து

என் கையெழுத்து நல்லது என்று
என்னைத்தான் எழுதச் சொன்னார்கள்.
சிறுபோகக் கூட்டம் முடிந்து
பிளேன்ரீ ஆறுவதற்குள் ஒரே வசனத்தில் முடித்தேன்:

"எங்களில் ஒருவர் வரம்பில் எவர் கை வைத்தாலும்
எல்லோர் வரம்பிலும் வைத்ததாகவே கொள்ளப்படும்."

விளாத்திமோட்டை. இலுப்பைக்கண்டல். மூன்றாம் யூனிற்.
குளத்தில் அப்போது ஒன்பதடித் தண்ணீர்.
சண்டை பிடிக்க இல்லை, என்றார் தெய்வேந்திரம்,
சண்டை வராமலிருக்க.
அதையும் கீழே எழுதினேன்.

வாய்க்கால் தண்ணீரைவிடக் கதை வேகமாய்ப் போகும்.
அடுத்த வெள்ளி கிழக்குக் கரையார் கூடினார்கள்,
"அவங்கள் ஏன் கூடினவங்கள்?" என்று கேட்பதற்காக.
அங்கே கொப்பி எழுதியவன் என் மச்சான் குகானந்தன்.
இரவு சைக்கிளில் வந்து
என் வசனத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனான்.
கொடுத்தேன்.
நல்ல வசனம்தானே.

மூன்றாம் யூனிற் இரண்டு கொப்பியிலும்
கையெழுத்து வைத்தது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கம் பாலையில் தொங்கியது
ஓர் எறிகணைக் கோது. அதுதான் எங்களுக்கு மணி.
அடிப்பக்கம் எவருக்கும் வாசிக்க வராத எழுத்து.
அவர்கள் பக்கம் முதிரையில் இன்னொன்று,
அது வேறு எழுத்து.
கண்ணிவெடி எடுக்க வந்த பெடியன் ஒருவன்
இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"இது செய்த நாடும் அது செய்த நாடும்
முகம் பார்க்காததுகள் அண்ணை.
இதுக்குப் பின்னால பத்து நாடு, அதுக்குப் பின்னால பத்து.
ஒண்டைத் தொட்டா எல்லாம் எழும்புமெண்டு
எழுதி வைச்சிருக்குதுகள்.
இஞ்ச வந்துதான் ரெண்டும்
ஒரே பங்கருக்குள்ள படுத்துக் கிடந்தது."

எனக்கு யாரோ என் கொப்பியை
உரத்து வாசித்ததுபோல் இருந்தது.

ஆடி இருபத்தொன்று.
ஒருவரும் தண்ணீரை மறிக்கவில்லை,
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
பரஞ்சோதியின் நாம்பன் கட்டறுத்துக்கொண்டு
கிழக்கு வயலில் இறங்கியது.
இருட்டில் எவனோ தடியெறிந்தான்.
கால் முறிந்தது.
பரஞ்சோதி மணியடித்தார்.

விளாத்திமோட்டைக்கு வர விருப்பமில்லை.
கதிர் பால்பிடிக்கிற நேரம்.
"இண்டைக்குப் போகாட்டி நாளைக்கு எங்களுக்கு ஆர் வருவினம்?"
வந்தார்கள்.
அவர்கள் வரும் வெளிச்சம் கண்டு முதிரை மணி அடித்தது.
முதிரை மணி கேட்டு இலுப்பைக்கண்டல் புறப்பட்டது.
பதினொரு லாண்ட்மாஸ்டர்கள் குளக்கட்டில் முகத்துக்கு முகம்.
மூன்றாம் யூனிற்றில் அண்ணன் இந்தக் கரைக்கும்
தம்பி அந்தக் கரைக்கும் போனார்கள்,
வாசலில் டோர்ச்சை எவர் கொண்டுபோவதென்று
கொஞ்சம் வாக்குவாதப்பட்டு.

அன்றிரவு ஒருவர்கூடச் சொல் தவறவில்லை.

விடிந்தபோது துருசுக் கதவு நெளிந்து கிடந்தது.
மிச்சமிருந்த நான்கடித் தண்ணீர்
இரவு முழுக்க ஓடிக் காட்டுக்குள் இறங்கியிருந்தது.
இலுப்பைக்கண்டல் நாகமுத்துவைப்
பாயோடு தூக்கினார்கள்.
அந்த நாம்பனை அவர் கண்டதுகூட இல்லை.

மல்லாவி ஆஸ்பத்திரியில் குகானந்தனைப் பார்க்கப் போனேன்.
வலது கை இரண்டு இடத்தில் முறிவு.
எவர் அடித்ததென்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அன்றிரவு என் கையிலும் மண்வெட்டிப் பிடி இருந்தது.

தலையணைக்குக் கீழிருந்து இடது கையால்
முறைப்பாட்டுக் கடதாசியை இழுத்து நீட்டினான்.
"நீ எழுது மச்சான்.
உன்ர எழுத்தெண்டா அவங்களுக்கு விளங்கும்."

'தொடங்கியவர்' என்ற இடத்தில்
பேனை நின்றது.
நாம்பன் என்று எழுதலாம்.
ஆனால் இரண்டு கொப்பியிலும்
அது கையெழுத்து வைக்கவில்லை.

"எழுதிட்டியே?" என்றான், கண்ணை மூடிக்கொண்டு.