இரண்டே முக்கால் பவுண்

உப்புவெளி விடுதிக்காரர் எறிந்துவிட்ட
குளிர்பானக் கண்ணாடி அலமாரி இது.
கம்பிரஸர் செத்துப் பத்து மாதம்.
திருத்தலாம் என்று லொறியில் ஏற்றி வந்தேன்,
திருத்தவில்லை.
சோடாப் போத்தல்கள் நின்ற இடத்தில் இப்போது
மணிப்பிளாண்ட் கொடி, ஈரத் தென்னந்தும்பு,
ஒரு முருங்கைக் கொப்பு,
மூன்று மரத்தவளைகள்.

பெரியவள் சுங்கம்.
உள்ளே வரும் எதிலும் முதல் பங்கு அவளுக்கு.
வாடைக்காற்று தொடங்கிய கிழமை
கக்கூஸ் தண்ணீர்த்தொட்டியின் மூடியைத் திறந்தபோது
குந்தியிருந்தாள், வாடகை கட்டியவள் மாதிரி.
அடுத்தவன் அரைக்கால்.
பழைய கணக்கில் அதிலும் பாதி
மாகாணி.

மழைநாளில் கடைக்கு வேலை வராது.
வாசலில் ஒரு மான் நின்று
பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைச் சப்பும்.
நான் கண்ணாடிக்கு முன் ஸ்டூலைப் போட்டுத்
தவளைச் சட்டம் படித்தேன்:
வாய்க்குள் அடங்குவது இரை.
அடங்காதது அயல்.
மூன்றாம் வகை கிடையாது,
கோபமும் கிடையாது.

அதற்கேற்ப ஒழுங்கு வைத்தேன்.
இருட்டிய பிறகு, ஏழு மணிக்கு,
சுங்கத்துக்கு மேல்மூலையில்
இடுக்கியால் கரப்பொத்தான்.
ஒன்று, இரண்டு,
மூன்றாவதுக்கு முகத்தைத் திருப்பும்வரை.
கண்ணை உள்ளே இழுத்து அவள் விழுங்கி முடித்த பின்தான்
கீழே சின்னவர்களுக்குச் சில்வண்டு.
ஒளிய மூன்று இடம் போதவில்லை, ஆறாக்கினேன்.
குழாய்த் தண்ணீரை ஓர் இரவு
வாளியில் வைத்துத்தான் ஊற்றினேன்.
எனக்கு நான் ஒருநாளும்
இப்படி நேரத்துக்குச் சோறு போட்டதில்லை.

மார்கழி ஒன்பது.
மாகாணியைக் காணவில்லை.

கொடியை உதறினேன், தும்பைக் கிளறினேன்.
சுங்கம் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள்.
வயிறு பெரிதாகத்தான் இருந்தது.
நேற்றும் இப்படித்தானா?
சந்தேகம் வந்த பிறகு
நேற்றைய வயிறு ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஜெகசோதியைக் கூப்பிட்டேன்.
நகைக்கடையில் வேலை அவனுக்கு.
முதலாளி அறியாமல் சின்னத் தராசைக்
கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தான்.
கையை நனைத்துக்கொண்டு தூக்கி வைத்தோம்.
இருபத்திரண்டு கிராம்.
"இரண்டே முக்கால் பவுண்" என்றான் வாய்ப்பழக்கத்தில்,
"சேதாரம் சேர்க்காமல்."

போன கிழமை எவ்வளவு?
நிறுக்கவில்லையே.
ஆனாலும் தீர்ப்புச் சொன்னேன்.
சுங்கத்தை வாளியில் விட்டு,
நுளம்பு வலை கட்டி,
குளியலறை மூலையில் வைத்தேன்.
இரவு முழுக்க வலையை உள்ளிருந்து
முட்டுவதும் விடுவதும் கேட்டது.

விடியற்காலை அலமாரிக் கதவை இறுக்கிச் சாத்தப் போனேன்.
ரப்பர் விளிம்பின் மடிப்புக்குள்
மங்கிய பழுப்பில் ஒரு வீக்கம்.
மாகாணி,
நாலு காலையும் உடம்போடு மடித்துத்
தைத்த பொத்தானாய்.
இன்னும் ஒரு விரலளவு தள்ளியிருந்தால்
கொன்றவன் நான்.

சுங்கத்தை எடுத்து வந்தேன்.
கரப்பொத்தான் ஒன்று கூடுதலாய் நீட்டினேன்.
வாங்கினாள்.
மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை,
பசி.

கழற்றி வைத்த கம்பித்தட்டைத் தேடியெடுத்து
வலை தைத்து, நடுவில் மறுபடி பூட்டினேன்.
மேல்வீடு அவளுக்கு, கீழ்வீடு அவர்களுக்கு.
"பிரித்து வைத்துவிட்டுச் சமாதானம் என்கிறாய்"
என்றான் ஜெகசோதி.
பதில் வரவில்லை எனக்கு.

அன்றிரவு மழைக்குக் கரண்ட் போனது.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
வலைக்கு மேலே சுங்கத்தின் வெளிறிய வயிறு.
அதற்கு நேர் கீழே, தலைகீழாக,
அதே கண்ணிகளில் விரல் ஊன்றித்
தொங்கிக்கொண்டிருந்தான் மாகாணி.
அரைக்கால் எங்கோ கத்தினான்.
உவர்மலைப் பக்கமிருந்து ஏதோ ஒன்று
பதிலுக்குக் கத்தியது.

தராசு அடுத்த நாள் கடைக்குத் திரும்பியது.
தட்டில் ஒரு தடம் காய்ந்திருந்ததாம்,
நாலு விரல், நுனியில் நாலு புள்ளி.
"என்னடா இது?" என்று முதலாளி கேட்டாராம்.
"மழை, ஐயா."